கூதிர்காலத்துப் பிள்ளைகள்: செங்கல்பட்டு, மாமல்லபுரம் கடலோரத்தின் பருவ வழக்கங்களும் அவற்றுக்குச் சொல்லப்படும் காரணங்களும்

புரட்டாசி பிறந்து கார்த்திகை முடிவதற்குள் செங்கல்பட்டு, மதுராந்தகம், திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் வட்டாரத்து வீடுகளில் சிறு பிள்ளைகளை முன்னிறுத்தும் வழக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நாமமிட்ட பிள்ளைகள் செம்பை ஏந்தி, கோவிந்தா என்று கூவி, வீடு வீடாக அரிசி வாங்குகிறார்கள். நவராத்திரிக்குக் கொலுப்படி கட்டுகிறார்கள். சரஸ்வதி பூசையன்று பாடப்புத்தகங்கள் சாமிக்கு முன் அடுக்கப்படுகின்றன. மறுநாள் விஜயதசமியில், இன்னும் பள்ளிக்குப் போகாத குழந்தையின் விரலைப் பிடித்துப் பச்சரிசியில் எழுத வைக்கிறார்கள். ஐப்பசியில் தீபாவளி. நவம்பர் 2இல் கிறித்தவக் குடும்பங்களுக்குக் கல்லறைத் திருநாள். கார்த்திகையில் அகல்விளக்கு, பொரியுருண்டை, சொக்கப்பனை, மாவளி.

இவையெல்லாம் இந்த மூன்று மாதங்களுக்குள் ஏன் குவிந்தன, எங்கிருந்து வந்தன, பிள்ளைகளுக்கு இவற்றில் ஏன் இவ்வளவு இடம் என்ற கேள்விக்கு நெடுங்காலமாகப் பல விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. மழைதான் காரணம் என்பவர்கள் ஒருபுறம், புராணத்தைக் காட்டுபவர்கள் இன்னொருபுறம். அரண்மனை விழா வீட்டுக்குள் இறங்கியது என்பது வரலாற்றாசிரியர் சிலரின் முடிவு. பழஞ்சடங்கின் எச்சம் என்று நாட்டாரியல் சொன்னது. குடும்பத்தைக் கட்டும் கருவி என்று உளவியல் சொல்கிறது. ஒவ்வொன்றும் சில வழக்கங்களை நன்றாக விளக்குகிறது, வேறு சிலவற்றில் தடுமாறுகிறது.

இலை உதிராத பருவம்

முதலில் பருவத்தைச் சரியாக வரையறுக்க வேண்டும். தொல்காப்பியம் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரிக்கிறது. உரையாசிரியர்களின் வகுப்பில் ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். பஞ்சாங்கம் அதே ஐப்பசி, கார்த்திகையைச் சரத் ருது என்கிறது. வட இந்தியாவில் சரத் என்றால் மழை ஓய்ந்து, வானம் தெளிந்து, பயிர் முற்றும் காலம். செங்கல்பட்டில் அது அடைமழைக் காலம். வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ 48 விழுக்காடும் கடலோர மாவட்டங்களில் சுமார் 60 விழுக்காடும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்கிறது. ஐரோப்பியப் படப்புத்தகங்களில் இந்த மாதங்களில் மரங்கள் பழுத்து இலை உதிர்க்கின்றன. இங்கே மரங்கள் இலை உதிர்ப்பது மாசி, பங்குனி வெயிலில். ஐப்பசியில் எல்லாம் பச்சை.

அறுவடையும் இப்போது இல்லை. சம்பா நெல் வயலில் வளர்ந்துகொண்டிருக்கும். கதிர் வீடு வந்து சேர்வது தையில். இலையுதிர்கால விழாக்களை அறுவடை மகிழ்ச்சியாக விளக்கும் ஐரோப்பிய மரபை அப்படியே கொண்டுவந்து நவராத்திரிக்கும் கார்த்திகைக்கும் பொருத்துவது இதனால் பிழையாகிறது. இவை விதைத்துவிட்டுக் காத்திருக்கும் காலத்தின் விழாக்கள். பழைய நெல் குறைந்து புதிய நெல் வராத இடைவெளியில் சுண்டல், பொரி, அவல் என்று பண்டங்கள் அமைந்ததற்கும் இதற்கும் தொடர்பிருக்கலாம். கருத இடமுண்டு, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஏரிகள் நிறைந்த மாவட்டம் என்று செங்கல்பட்டுக்கு நெடுநாள் பெயர் உண்டு. 2019 நவம்பர் 29இல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான பின்பும் அந்தப் பெயர் மாறவில்லை. பருவத்தின் முதல் வேடிக்கை ஏரிக்கரையில் நீர்மட்டம் பார்ப்பது. மதுராந்தகம் ஏரிக்கரையில் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை ஒன்று உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சியராக இருந்த லயோனல் பிளேஸ், பெருமழை இரவில் கரை உடையுமோ என்று அஞ்சி வந்தபோது, வில்லேந்திய இரு இளைஞர்கள் காவல் நிற்பதைக் கண்டார் என்கிறது அது. அவ்வூர்க் கோயிலின் தெய்வத்துக்கு வழங்கும் ஏரி காத்த ராமர் என்ற பெயருக்குச் சொல்லப்படும் காரணம் இதுவே. ஆட்சியர் வரலாற்று மனிதர், காவல் நின்றவர்கள் நம்பிக்கை. ஆனால் கரை உடைந்தால் என்ன ஆகும் என்பதை ஐந்து வயதுக் குழந்தைக்குப் பதியவைக்கும் வேலையை அந்தக் கதை இருநூறு ஆண்டுகளாகச் செய்துவருகிறது.

வேடந்தாங்கலும் இதே பருவத்தின் பள்ளி. ஏறத்தாழ 30 எக்டேர் பரப்புள்ள அந்த ஏரிக்கு மழை தொடங்கியதும் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, பாம்புத்தாரா, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் எல்லாம் வந்து நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டுகின்றன. எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்பதால் ஊரார் பறவைகளைக் காத்தார்கள். 1798 அளவிலேயே ஆட்சியரிடமிருந்து காப்புறுதி பெற்றார்கள். பறவைகளுக்காகத் தீபாவளி வெடியை விட்டுக்கொடுத்த ஊர்களும் தமிழகத்தில் உண்டு. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி அவற்றுள் பலரும் அறிந்தது. வெடி இல்லாத தீபாவளியைப் பார்த்து வளர்ந்த தலைமுறைகள் அங்கே இருக்கின்றன.

மழையும் ‘அறிவியல்’ விளக்கமும்

இன்று பரவலாகக் கேட்கப்படும் விடை இதுதான்: முன்னோர் எல்லாவற்றையும் உடல்நலம் கருதி வைத்தார்கள். தீபாவளி எண்ணெய்க் குளியலும் லேகியமும் மழைக்காலச் சளிக்கும் அசீரணத்துக்கும், சுண்டல் புரதத்துக்கு, கார்த்திகை விளக்கு பயிரை அழிக்கும் பூச்சிகளைக் கவர்ந்து கொல்ல.

இந்த விளக்கத்தில் பருவ உணர்வு இருக்கிறது, அதுவே அதன் பலம். வெளிச்சம் பூச்சியை ஈர்க்கும் என்பதும் உண்மை. நெல்வயலில் விளக்குப்பொறி வைப்பது வேளாண் துறை பரிந்துரைக்கும் முறை. ஆனால் வாசலிலும் மாடத்திலும் ஓரிரு மாலைகள் எரியும் அகல்கள் வயற்பூச்சியைக் குறைத்ததாக நிறுவிய அளவீடு எதுவும் இந்த வாதத்துடன் முன்வைக்கப்படுவதில்லை. பழைய நூல்கள் கார்த்திகை விளக்கைப் பேசும்போது பூச்சியைப் பேசவில்லை. அழகையும் வழிபாட்டையும் பிரிந்தவர் வருகையையும் பேசுகின்றன. பயன் இருப்பது ஒன்று, பயனுக்காகவே தொடங்கியது என்பது வேறொன்று. முதலாவதைக் காட்டி இரண்டாவதை நிறுவ முடியாது. மேலும் பிள்ளைகள் ஏன் நடுவில் நிற்கிறார்கள் என்பதற்கு இந்த விளக்கத்திடம் விடையே இல்லை.

கார்த்திகையின் மூப்பு

நூற்சான்றின் அடிப்படையில் வாதிடுவோர் இந்தப் பருவத்தின் விழாக்களை வயதுப்படி வரிசைப்படுத்துகிறார்கள். அந்த வரிசையில் கார்த்திகைக்கு முதலிடம். நக்கீரர் பாடிய அகநானூற்றின் 141ஆம் பாட்டு, முழுநிலவு கார்த்திகை மீனைச் சேரும் இரவில் தெருவெங்கும் விளக்கேற்றி மாலை தொங்கவிடுவதைக் காட்டுகிறது. நற்றிணை 202உம் இந்த விளக்கை அறியும். கார் நாற்பது, மழையில் பூத்த தோன்றிப் பூக்களை, அதாவது செங்காந்தளை, கார்த்திகை விளக்குகளுக்கு ஒப்பிடுகிறது. இன்றும் இதே மாதங்களில் வேலியோரம் செங்காந்தள் பூக்கிறது. (கிழங்கு உட்பட அதன் எல்லாப் பாகமும் நஞ்சு, குழந்தைகளுக்குக் காட்டலாம், பறிக்க விடலாகாது.)

அடுத்த சான்று இதே கடலோரத்தைச் சேர்ந்தது. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைப் பதிகம் ஊரின் விழாக்களை வரிசையாகச் சொல்கிறது. ஐப்பசியில் ஓணம், கார்த்திகையில் விளக்கீடு, மார்கழியில் ஆதிரை, தையில் பூசம், மாசியில் கடலாட்டு, பங்குனியில் உத்திரம் அதில் உண்டு. நவராத்திரியும் தீபாவளியும் இல்லை. இந்தப் பட்டியல் இறந்துபோன ஒரு சிறுபெண்ணை விளித்து, இவற்றையெல்லாம் காணாமல் போவாயோ என்று கேட்கும் முறையில் அமைந்திருப்பது இங்கே முக்கியம். பருவ விழாவைக் காணும் கண் குழந்தையின் கண் என்ற எண்ணம் 1,300 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கரையில் இருந்திருக்கிறது.

ஆனாலும் எச்சரிக்கை தேவை. அது ஒரு சைவக் கோயிலின் விழாப் பட்டியல். அதில் இல்லாததால் வேறெங்கும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதே நூற்றாண்டில் மாமல்லபுரத்துப் பல்லவச் சிற்பிகள் மகிடாசுரமர்த்தினி குகையில் நவராத்திரிக் கதையின் உச்சக் காட்சியைச் செதுக்கிவிட்டார்கள். சிங்கத்தின் மேல் வில்லை வளைத்தபடி தேவி பாய்கிறாள். எருமைத் தலையும் மனித உடலுமாக, கதாயுதத்தைப் பற்றியபடி அசுரன் பின்வாங்குகிறான். போர் முடியவில்லை, அசுரன் சாகவுமில்லை. ஆகக் கதை இருந்தது. அதை ஒட்டிய வீட்டுச் சடங்கு இருந்ததா என்பதைப் பாறை சொல்லாது. சற்றுத் தள்ளியுள்ள கிருஷ்ண மண்டபத்திலும் இதே நிலை. பெருமழையிலிருந்து ஆயரைக் காக்கக் கண்ணன் மலையைத் தூக்கி நிற்க, அதன் கீழே ஒருவன் பசுவைக் கறக்கிறான், ஒருத்தி சுமையோடு நடக்கிறாள், ஒருவன் பிள்ளையைத் தோளில் வைத்திருக்கிறான். வடநாட்டில் தீபாவளிக்கு மறுநாள் இந்தக் கதை வீட்டு விழாவாகவே கொண்டாடப்படுகிறது. அடைமழை நாட்டில், மழைக்கு ஒதுங்கிய ஒரு குடும்பத்தை இவ்வளவு நெருங்கிப் பார்த்த சிற்பம் இருந்தும், அது பொது வழக்கமாகவில்லை. கதை இருந்தால் விழா பிறந்துவிடும் என்ற புராண விளக்கத்துக்கு இது ஒரு வலுவான மறுப்பு.

தீபாவளி வழக்கு

தீபாவளியின் தோற்றம்தான் தமிழில் மிகச் சூடாக விவாதிக்கப்பட்டது. நரகாசுரன் கதை வீடுகளில் சொல்லப்படும் விடை. மயிலை சீனி. வேங்கடசாமி ‘சமணமும் தமிழும்’ நூலில் (1954) வேறு விடை தந்தார்: மகாவீரர் வீடுபேறு அடைந்த நாளைச் சமணர் விளக்கேற்றிக் கொண்டாடியதே பின்னர் பிற சமயத்தாரிடம் வேறு கதையோடு சென்றது. திராவிட இயக்கம் அசுரன் கொல்லப்பட்டதைக் கொண்டாடலாமா என்று கேட்டது. தொ. பரமசிவன், தீபாவளி தமிழ் நிலத்தில் பிற்காலத்தில் வேரூன்றியது என்றும் பழைய விளக்குத் திருநாள் கார்த்திகையே என்றும் எழுதினார்.

சமணத் தோற்றக் கருத்து நாளின் ஒற்றுமையை விளக்குகிறது. விளக்கை விட எண்ணெய்க் குளியலும் புத்தாடையும் வெடியும் முதன்மையான தமிழகத் தீபாவளியை அவ்வளவு எளிதாக விளக்குவதில்லை. பிற்கால வரவு என்ற கருத்துக்குச் சங்க இலக்கியத்தின் மௌனம் துணை. ஆனால் விடியற்காலையில் பாட்டி தலையில் எண்ணெய் வைக்கும் வழக்கம் எப்போது, எந்த வீடுகளில் தொடங்கியது என்பது அந்த மௌனத்திலிருந்து கிடைக்காது. வெடியின் வயதைப் பற்றி மட்டும் ஓரளவு தெளிவு உண்டு. பி. கே. கோடே 1953இல் வெளியிட்ட ஆய்வு இந்தியாவில் வாணவேடிக்கையின் வரலாற்றை 1400இலிருந்து தொடங்குகிறது. சிறுவர் கையில் மத்தாப்பு இருப்பது சிவகாசித் தொழில் வளர்ந்த 20ஆம் நூற்றாண்டில்தான் பெருவழக்காயிற்று. இன்று குழந்தைகள் தீபாவளி என்றதும் முதலில் நினைப்பது அந்த விழாவின் ஆக இளைய பகுதி. 2018இல் உச்ச நீதிமன்றம் வெடி வெடிக்கும் நேரத்தை இரண்டு மணி நேரமாகக் குறுக்கிய பின், தமிழகத்தில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது. வரம்பு வந்ததால் தீபாவளி குன்றிவிடவில்லை.

அரண்மனையிலிருந்து கூடத்துக்கு

கொலுவுக்கு வரலாற்றாசிரியர்கள் காட்டும் வழி விசயநகரம். 1520 அளவில் அங்கே வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பயஸ் மகாநவமி விழாவை விரிவாக எழுதினார்: யானை, குதிரை, மல்யுத்தம், நடனம், அரியணையில் தெய்வத்தோடு அரசன். மைசூர் உடையார்கள் 1610இல் சீரங்கப்பட்டணத்தில் அதைத் தொடர்ந்தார்கள். இராமநாதபுரம் சேதுபதிகளும் நவராத்திரியை அரச விழாவாகவே நடத்தினார்கள். அடுக்கடுக்காக வீற்றிருக்கும் பொம்மைகள் அந்த அரசவையின் வீட்டு வடிவம் என்பது இந்தக் கருத்து.

அழகான கருத்து, நடுவில் ஒரு பெரிய இடைவெளி. அரண்மனைக்கும் வீட்டுக் கூடத்துக்கும் இடைப்பட்ட பாதையைக் காட்டும் ஆவணம் குறைவு. அரச விழாவில் ஆண்களின் படை முன்னே நிற்கிறது. வீட்டுக் கொலுவிலோ பெண்களும் சிறுமிகளும் முன்னே நிற்கிறார்கள். பட்டுப்பாவாடை கட்டிய சிறுமி அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் குங்குமச் சிமிழோடு போய் அழைப்பதும், வந்த வீட்டில் கூச்சத்தோடு ஒரு பாட்டுப் பாடுவதும், பொட்டலத்தில் சுண்டல் வாங்கித் திரும்புவதும் அரசவையிலிருந்து வந்தவை அல்ல. மரப்பாச்சி, தராசும் தானியக் கிண்ணங்களும் சூழ அமர்ந்த செட்டியார் பொம்மை, கண்ணாடித் துண்டைக் குளமாக்கிக் கடுகும் கேழ்வரகும் முளைக்கவிட்டு அமைக்கும் பூங்கா எல்லாமே அன்றாட உலகைச் சிறிதாக்கிப் பார்ப்பவை. கடுகைத் தெளித்து, தினமும் நீர் தெளித்து, ஒன்பது நாளில் பச்சை எழுவதைப் பார்க்கும் வேலை பெரும்பாலும் வீட்டின் சிறிய பிள்ளைக்கே தரப்படுகிறது. வெளியே மழைக்கால வயல் பச்சை பிடிக்கும்போது உள்ளே ஒரு தட்டில் அதுவே நடக்கிறது.

இன்னொரு குறையும் சொல்லப்பட வேண்டும். கொலு நெடுங்காலம் பிராமணர், முதலியார், செட்டியார், பிள்ளைமார் எனச் சில சமூகத்து நடுத்தர வீடுகளின் வழக்கமாகவே இருந்தது. அதைத் தமிழரின் பொது மரபு என்று எழுதுவது மிகை. பக்கத்துக் காஞ்சிபுரத்தின் பொம்மைக்காரத் தெருவில் மண்ணிலும் காகிதக்கூழிலும் பொம்மை செய்யும் குடும்பங்களுக்கு நவராத்திரி முதலில் வேலைக்காலம், பிறகே விழா. அண்மைக் காலத்தில் கொலு வேறு பல வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் பரவியிருக்கிறது. முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா போன்ற இடங்களில் அது காட்சியாகவும் வைக்கப்படுகிறது. பரவும்போது அது எவ்வளவு சடங்காக இருக்கிறது, எவ்வளவு கைவினையாக மாறுகிறது என்பது இன்னும் ஆராயப்பட வேண்டியது.

அரிசியில் எழுதிய எழுத்து

விஜயதசமியில் எழுத்தறிவிப்பது பழைய குருகுல மரபு என்பது பொதுக்கருத்து. ஆவணங்கள் இதைச் சற்றுத் திருத்துகின்றன. 1822இல் ஆளுநர் தாமஸ் மன்றோ சென்னை மாகாணத்தின் நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். அதற்கு 1823இல் பெல்லாரி ஆட்சியர் கேம்பல் அனுப்பிய அறிக்கை, பின்னர் தரம்பாலின் 1983ஆம் ஆண்டு நூலால் பலர் கவனத்துக்கு வந்தது. அந்த அறிக்கையின்படி, குழந்தைக்கு ஐந்து வயதானதும் ஆசிரியரும் மாணவரும் வீட்டுக்கு அழைக்கப்படுகிறார்கள். பிள்ளையாரைச் சுற்றி வட்டமாக அமர்கிறார்கள். ஆசிரியர் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கிறார். பெற்றோர் இயன்றதைக் கொடுத்து அனுப்புகிறார்கள். இந்தச் சித்திரத்தில் அளவுகோல் வயது. அரிசியும் விரலும் இருநூறு ஆண்டாக மாறவில்லை. எல்லாக் குழந்தைக்கும் ஒரே நாள் என்பது அதில் முதன்மை பெறவில்லை.

அந்தத் திண்ணைப் பள்ளிகளில் சிறுமிகள் மிகக் குறைவு. தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடமில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலமின்மையையும் வறுமையையும் பதிவு செய்தது. மறு ஆண்டு அம்மக்களுக்கு நிலம் ஒதுக்கிய பஞ்சமி நில ஆணைக்கு அது வழிவகுத்தது. அக்காலத்து விஜயதசமியைப் பேசும் எந்தக் கட்டுரையும் இதை விட்டுவிட்டுப் பேச முடியாது. இன்று அரசுப் பள்ளிகளும் அங்கன்வாடிகளும் விஜயதசமி நாளில் கதவைத் திறந்து சேர்க்கை நடத்துகின்றன. எந்த வீட்டுக் குழந்தையும் அரிசித் தட்டின் முன் உட்காரலாம். கல்வியாண்டு ஜூனில் தொடங்கிவிடுவதால், நடுவில் சேரும் குழந்தைக்கு அது கற்றல் பயனா, பெற்றோருக்கு மனநிறைவா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஆயினும் ஒரு சடங்கு தன் கதவை அகலத் திறந்துகொண்டதற்கு இந்தப் பருவத்தில் இதைவிட நல்ல சான்று இல்லை.

எச்சமா, ஆக்கமா

இங்கிலாந்தின் மானிடவியலாளர் எட்வர்ட் டைலர் 1871இல் முன்வைத்த கருத்து நெடுநாள் செல்வாக்குப் பெற்றிருந்தது: பெரியவர் கைவிட்ட வழக்கங்கள் சிறுவர் விளையாட்டில் எச்சமாகத் தங்குகின்றன. தமிழில் ஞா. தேவநேயப் பாவாணர் விளையாட்டுகளைத் தொகுத்து, பகல், இரவு என்றும் ஆண்பால், பெண்பால், இருபால் என்றும் பகுத்தபோது, பலவற்றின் தோற்றத்தைப் பெரியவர் செயல்களில் தேடினார்.

இந்தக் கருத்தைச் சோதிக்க மாவளி நல்ல பொருள். செய்முறை இது. ஆண்பனையின் காய்ந்த பாளைகளைக் குழியில் போட்டு எரித்து, முழுவதும் சாம்பலாகும் முன் மண்போட்டு மூடிக் கரியாக்குவார்கள். கரியை இடித்துத் தூளாக்கி, சிலர் உப்புச் சேர்த்து, பழந்துணியில் இறுகச் சுருட்டுவார்கள். அந்தச் சுருளைப் பிளந்த பனைமட்டைகளின் நடுவே வைத்துக் கட்டி, நீண்ட கயிற்றில் பிணைத்து, முனையில் நெருப்பு வைத்துத் தலைக்கு மேல் சுழற்றுவார்கள். வேகம் ஏற ஏறப் பொறிகள் பூவாகச் சிதறி வட்டமாக விரியும். துணி தளர்ந்தால் சுருள் அவிழும். கட்டுவது பெரியவர், பாளை பொறுக்குவதும் இடிப்பதும் சுழற்றுவதும் பிள்ளைகள். மாவலி மன்னனுக்காக என்றும், சொக்கப்பனை திரிபுரம் எரிந்ததைக் குறிக்கும் என்றும், அண்ணாமலையின் சோதி என்றும் ஒரே இரவின் நெருப்புக்குப் பல கதைகள். கதைகள் இத்தனை இருப்பதே, செயல் முந்தியது, கதை பிந்தியது என எண்ண வைக்கிறது. இதுவரை டைலர் பக்கம் சரி.

ஆனால் அயோனா, பீட்டர் ஓபி இணையர் 1959இல் பிரிட்டிஷ் பள்ளிப் பிள்ளைகளின் வழக்கங்களைத் தொகுத்து, சிறுவர்கள் மரபைக் காப்பவர் மட்டுமல்லர், மாற்றுபவரும் ஆவர் என்று காட்டினார்கள். பனை இல்லாத ஊர்ப் பிள்ளைகள் பாத்திரம் துலக்கும் இரும்புநாரைக் கொளுத்திச் சுழற்றுவது அப்படி ஒரு மாற்றம், ஆபத்தானதும்கூட. தொண்டை நாட்டைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, தச்சர் செய்த சிறுதேரை உருட்டி ஓய்ந்து பாலுண்டு உறங்கும் பிள்ளைகளைக் காட்டுகிறது. அந்த விளையாட்டுக்கு விழாவும் இல்லை, பருவமும் இல்லை. பிள்ளை விளையாட்டு எல்லாவற்றையும் பெரியவர் சடங்கிலிருந்து வருவிக்கத் தேவையில்லை என்பதற்கு இந்த மண்ணின் பழஞ்சான்று அது.

குடும்பத்தைக் கட்டும் சடங்கு

தோற்றத்தை விட்டுப் பயனைக் கேட்பது உளவியல் மரபு. ஜேம்ஸ் போசார்டும் எலியனோர் போலும் 1950இல் குடும்பச் சடங்குகளைத் தனி ஆய்வுப்பொருளாக்கினார்கள். பார்பரா பீசியும் உடனாய்வாளர்களும் 2002இல் ஐம்பதாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அன்றாட ஒழுங்கையும் பொருள்நிறைந்த சடங்கையும் வேறுபடுத்தினார்கள். இரண்டும் குழந்தையின் நலத்தோடும் பெற்றோரின் தன்னம்பிக்கையோடும் தொடர்புடையவை என்று கண்டார்கள். அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை மேலைநாட்டுச் சிறு குடும்பங்களைப் பற்றியவை. தொடர்பு காட்டப்பட்டதே தவிர, எது காரணம் எது விளைவு என்பது தீரவில்லை. அமைதியான குடும்பம் சடங்கை நன்றாக நடத்துகிறதா, சடங்கு குடும்பத்தை அமைதியாக்குகிறதா? பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டார் எல்லாம் சேர்ந்து நடத்தும் வழக்கத்துக்கு அந்த முடிவுகள் எவ்வளவு பொருந்தும் என்பதும் ஐயத்துக்குரியது.

ஒரே மழை, பல நாட்காட்டிகள்

பருவம்தான் எல்லாவற்றையும் நிர்ணயிக்கிறது என்பதை மறுக்கும் சான்றும் இதே கரையில் இருக்கிறது. கோவளம் தர்காவைச் சூழ்ந்த முஸ்லிம் குடும்பங்களின் பண்டிகைகள் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னகர்ந்து எல்லாப் பருவத்தையும் சுற்றி வருகின்றன; பெருநாள் மழையிலும் வரும், கோடையிலும் வரும். கல்லறைத் திருநாள் உலகெங்கும் ஒரே நாளில் வருவது. ஆனால் இங்கே அது மழைக்கிடையே வருவதால், களை பறித்து, சுண்ணாம்பு அடித்து, ஈரக் காற்றில் அணையும் மெழுகுவத்தியைப் பிள்ளைகள் கையால் மறைத்து நிற்கும் மாலையாகிறது. இருளர் குடும்பங்களுக்கு மழை வேறொரு வேலையைக் கொண்டுவருகிறது. புற்றிலிருந்து ஈசல் கிளம்பும் இரவில் விளக்கு வைத்துப் பிடித்து வறுத்து உண்பார்கள். எந்தப் புற்று, எந்த நேரம் என்பதைப் பிள்ளைகள் கூடவே போய்க் கற்கிறார்கள். இது எந்தப் பண்டிகைப் பட்டியலிலும் இடம்பெறாத, ஆனால் முழுக்க முழுக்கப் பருவத்தால் ஆன குடும்ப வழக்கம். மீனவர் குப்பங்களில் இவை கடல் சீறும் மாதங்கள். 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது.

தீராதவை

இதுவரையுள்ள சான்றுகளை எடைபோட்டால், கார்த்திகை விளக்கை இந்த நிலத்துக்கும் பருவத்துக்கும் உரிய மிகப் பழைய வழக்கமாக ஏற்கலாம். கொலுவின் அரசவைத் தோற்றம் ஏற்கத்தக்கது, முழுமையற்றது. தீபாவளியின் தோற்றத்தில் எந்தக் கட்சிக்கும் தீர்ப்பளிக்கும் அளவுக்குச் சான்று சேரவில்லை. விஜயதசமி எழுத்தறிவிப்பில் செயல் பழையது. அந்த நாள் எப்போது பொது நாளாயிற்று என்பதைத் தனியாக ஆராய வேண்டும்.

ஆய்வு மெலிந்து கிடக்கும் இடம் வீடு. கோயிலுக்குக் கல்வெட்டு உண்டு, அரண்மனைக்குப் பயணக்குறிப்பு உண்டு. கூடத்திலும் வாசலிலும் ஏரிக்கரையிலும் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பதற்கு முதியோர் நினைவே ஆவணம். மாவளி கட்டத் தெரிந்தவர்கள், புரட்டாசி அரிசி எந்தெந்தத் தெருவில் வாங்கினார்கள், எந்தத் தெருவுக்குப் போகவில்லை என்று சொல்லக்கூடியவர்கள், ஈசல் புற்றை அறிந்தவர்கள் இன்னும் இந்த மாவட்டத்து ஊர்களில் இருக்கிறார்கள். உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர்களும் நாட்டாரியல் மாணவர்களும் வரும் கார்த்திகைக்குள் அவர்களிடம் கேட்டு எழுதத் தொடங்க வேண்டும்.